வேப்பிலை கட்டிய இன்டர்காம்

போன வாரம் ஒரு மத்தியானம், அடுப்பில் ரசம் நுரை கூடிக்கொண்டிருந்த நேரத்தில், நான் மாடிப்படியில் ஓடினேன். ஐம்பதை நெருங்கும் வயதில், மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிற பெண்பிள்ளை ஓடுகிற ஓட்டம் இல்லை அது. மேலே போய் மகனின் அறைக் கதவைத் தள்ளினேன். அவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு மங்குஸ்தான் பழம் உடைத்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் ஊதாக் கறை. என் முகத்தைப் பார்த்து அவன்தான் பயந்துபோனான்.

“என்னம்மா? நான் கூப்பிடவே இல்லையே.”

அது உண்மைதான். அவன் கூப்பிடவில்லை. பழத்தோலை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

அவன் டெங்கு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான், சண்டை போடுகிறான். ஆனாலும் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே ஒரு வயர்லெஸ் இன்டர்காம் வாங்கச் சொல்லிவிட்டேன். போன் இருக்கிறதே என்று கணவரும் மகனும் ஒரே குரலில் கேட்டார்கள். போனை அவன் எடுத்தால்தானே. உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக இரண்டு பெட்டிகள். ஒன்று அவன் தலைமாட்டில், ஒன்று என் அடுக்களைத் தட்டில். மேலே இருக்கும் பெட்டியை எப்போதும் திறந்தே வைத்திருக்கும்படி செய்துகொண்டேன். அவன் இருமுவது, புரண்டு படுப்பது, போனில் எதையோ பார்த்துச் சிரிப்பது எல்லாம் எனக்குக் கீழே கேட்டுக்கொண்டிருக்கும். ஒட்டுக்கேட்கிற மெஷின் என்று அவன் அதற்குப் பெயர் வைத்திருக்கிறான்.

அன்றைக்கு நடந்தது சின்ன விஷயம். குற்றாலத்தில் சாரல் சீசன் ஆரம்பித்துவிட்டது. காற்றடித்தால் எங்காவது ஒரு கிளை முறிந்து கம்பியில் விழும், கரண்ட் போகும். அடுக்களைக்கு இன்வெர்ட்டர் லைன் உண்டு. மாடி அறையின் பிளக்குக்கு அது கிடையாது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த பேட்டரியும் சரியாக சார்ஜ் ஏறாமல் கிடந்திருக்கிறது. மேலே இருந்த பெட்டி அணைந்துவிட்டது. என் பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

மாலையில் அம்மாவுக்கு போன் செய்தேன். அம்மா பாவூர்சத்திரத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். நான் ஓடிய கதையைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்து ஓய்ந்து, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். எனக்கு அம்மை போட்ட கதையை நான் பலபேரிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது நான் நினைத்துக்கொண்டிருந்த கதை இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

அப்போது நாங்கள் தென்காசியில் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா உரக்கடை வைத்திருந்தார். அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயில் வேலை பார்த்தார். அந்த வருஷம் அவர் லீவில் வந்தபோது பெட்டி திறக்கும் சடங்கு எங்கள் வீட்டில்தான் நடந்தது. மற்ற வீடுகளுக்கு வரும் துபாய்ப் பெட்டிகளில் டேப் ரிக்கார்டர் இருக்கும், சேலை இருக்கும், டார்ச் லைட் இருக்கும். அத்தை ஒரு டார்ச் லைட்டுக்காகக் காத்திருந்தாள். மாமா சேலைகளுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் இரண்டு பெட்டிகளை எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி ஊஞ்சலில் வைத்தார்.

வயர் இல்லாத இன்டர்காம் என்றார். ஒரு அறையில் இருந்து பேசினால் இன்னொரு அறையில் கேட்குமாம். எங்கள் வீட்டில் அடுக்களையில் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும். அதனால் யாரும் வியப்படையவில்லை. அப்பா ஒரு பெட்டியைத் தூக்கி, அதன் பின்னால் தொங்கியதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“வயர் இல்லன்னு சொல்லுத. ரெண்டுக்கும் வாலு தொங்குதே மாப்ள.”

“அது கரண்டுக்கு அத்தான். பேச்சுக்கு வயர் கெடையாது.”

பேச்சு எதில் போகும் என்று அப்பா விடவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற கரண்ட் கம்பியிலேயே பேச்சும் கலந்து போகும் என்றார் மாமா. அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, துபாயில் வெயில் அதிகம் என்று பொதுவாகச் சொன்னார். அத்தை, டார்ச் லைட் எங்கே என்றாள்.

அந்தப் பெட்டிகள் அலமாரி மேல் ஏறிவிட்டன. அவை இறங்கியது எனக்கு அம்மை போட்ட பிறகு.

முதல் நாள் காய்ச்சல், மறுநாள் முதுகில் நீர்க்கொப்புளங்கள். அத்தை பார்த்த உடனே கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கள் வீட்டின் சட்டதிட்டங்கள் அந்த நொடியிலிருந்து மாறின. வாசலில் வேப்பிலை. அடுக்களையில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. வெளியிலிருந்து பொரித்த பண்டம் எதுவும் படி தாண்டக் கூடாது. மாடியில் இருந்த ஒற்றை அறை எனக்கு ஒதுக்கப்பட்டது. சின்ன வயதில் அம்மை போட்டு எழுந்தவள் என்பதால் அத்தை என் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு அப்போது வயிற்றில் தம்பி இருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்று தங்காமல் போயிருந்தது. அம்மாவுக்கு அதுவரை அம்மை போட்டதில்லை. டாக்டரும் அத்தையும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒரே பேச்சு. எனக்கு இறங்கும்வரை அம்மா மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது. என் துணியைத் தொடக் கூடாது, நான் சாப்பிட்ட தட்டைப் பார்க்கக்கூடக் கூடாது என்பதை அத்தை தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள்.

எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். அம்மா கீழே இருக்கிறாள், வரமாட்டேன் என்கிறாள்.

நான் மேலே இருந்து கத்த, அம்மா படியடியில் நின்று பதில் கத்த, இரண்டு பேர் தொண்டையும் கட்டிய பிறகுதான் மாமாவுக்கு அலமாரி நினைவு வந்தது. அவர் வாழ்க்கையின் பொன்னான நேரம் அது. பெட்டிகளின் பிளக்குகள் சதுரக் கால் கொண்டவை, எங்கள் சுவரில் இருந்தவை வட்ட ஓட்டைகள். மாமா தயங்கவில்லை. பிளக்கை வெட்டி எறிந்தார், கம்பியின் தோலைப் பல்லால் உரித்தார், செம்பு நுனிகளை ஓட்டைகளில் விட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சியைச் சொருகி இறுக்கினார். கீழே அடுக்களையில் ஒன்று, மேலே என் கட்டிலருகில் ஒன்று. அத்தையிடம், இந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டு ஹலோ சொல்லுங்கள் என்று காட்டிக் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினார்.

கீழே எதுவும் கேட்கவில்லை. உம்மென்ற இரைச்சல் மட்டும். மாமா தீக்குச்சிகளை மாற்றினார். பெட்டிகளை இடம் மாற்றினார். கீழ்ப்பெட்டி மேலே வந்தது, மேல்பெட்டி கீழே போனது. உம். அப்பா கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியபடி ஒருமுறை பார்த்துவிட்டு, “பாவம், அதுக்குத் தமிழ் தெரியாதுல்லா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவருக்கு ஒரு கலை தெரியும். கிணற்று மோட்டாருக்காக எங்கள் வீட்டுக்கு மூன்று கம்பிகளில் கரண்ட் வந்தது. மாடி ஒரு கம்பியில், கீழ்வீடு இன்னொன்றில் ஓடும். சீசன் நாட்களில் சாயங்காலமானால் ஏதாவது ஒரு கம்பியில் வோல்டேஜ் படுத்துவிடும். பல்பு பழுத்துப்போகும், ட்யூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். குற்றாலத்து லாட்ஜில் ஒருத்தன் வெந்நீர் போட்டால் தென்காசியில் நம் வீடு இருட்டுகிறது என்பது அப்பாவின் கட்சி. உடனே அடுக்களை வாசலை ஒட்டியிருந்த மெயின் போர்டு முன்னால் போய் நிற்பார். எந்தக் கம்பி தெம்பாக இருக்கிறது என்று டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பார். படுத்த கம்பியிலிருந்து வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, தெம்பான கம்பியில் செருகுவார். வீடு பளிச்சென்று ஆகும். பேஸ் மாற்றுவது என்று அதற்குப் பெயர். எங்கள் தெருவில் எல்லா ஆண்களும் செய்வதுதான். ஆனால் அப்பா செய்வதில் ஒரு நளினம் உண்டு, சமையல் தெரிந்தவர்கள் உப்புப் போடுவதைப் போல.

அன்று சாயங்காலமும் மாடி விளக்கு மங்கியது. அப்பா போய் மாடியின் பியூஸ் கட்டையைக் கீழ்வீட்டுக் கம்பிக்கு மாற்றினார். அந்த நொடியில் அடுக்களைப் பெட்டி வாய் திறந்தது. அதிலிருந்து வந்த முதல் பேச்சு என் அத்தையுடையது.

“அமுக்கி அமுக்கி வெரலு நோவுது. துபாய்க்குப் போயி இதத்தான் படிச்சிட்டு வந்திருக்கான். இதுக்கு ஒரு டார்ச்லைட்டு வாங்கிருந்தா கொல்லைக்காவது போலாம்.”

அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாளாம். மாமா அடுக்களையில் ஆடினாராம். தீக்குச்சியை மாற்றியதால்தான் வேலை செய்தது என்று அவர் கடைசிவரை நம்பினார்.

தன் குரல் கம்பிக்குள் புகுந்து கீழே போய்விட்டது என்று தெரிந்தபோது அத்தைக்கு வேறு ஒரு கவலை வந்தது. குரல் போகுமென்றால் அம்மையும் போகாதா? மேலே உள்ள கம்பியில் நான் பேச, அது கீழே அம்மாவின் காதடியில் வந்து விழ, வயிற்றில் இருப்பது என்ன ஆவது? மாமா எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். அத்தை ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து இரண்டு பெட்டிக்கும் நூலால் கட்டினாள். கீழ்ப்பெட்டிக்குக் கூடுதலாக ஒரு மஞ்சள் துண்டும் வைத்தாள். துபாயிலிருந்து வந்த எந்தப் பொருளுக்கும் அப்படி ஒரு அலங்காரம் நடந்திருக்காது.

அதன் பிறகு வந்த நாட்கள் என் ஞாபகத்தில் சந்தோஷமாகவே இருக்கின்றன. உடம்பெல்லாம் அரிப்பு, அரித்த இடத்தை வேப்பிலையால் மட்டுமே தடவவேண்டும் என்ற கொடுமை, உப்பில்லாத மோர்ச்சோறு எல்லாம் இருந்தும். நான் பட்டனை அமுக்கி அம்மா என்பேன். சளி பிடித்த மாதிரி ஒரு குரலில் அம்மா பதில் சொல்லுவாள். பூனை பாலைத் தட்டிவிட்டதைச் சொல்லுவாள், எதிர்வீட்டில் புதுக் கன்றுக்குட்டி பிறந்ததைச் சொல்லுவாள். கரண்ட் கம்பியில்தான் பேச்சு ஓடுகிறது என்று மாமா சொல்லியிருந்ததால் எனக்கு நிறைய சந்தேகங்கள். அம்மாவின் பேச்சு வழிதவறி பல்புக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? விளக்கு சிமிட்டும்போதெல்லாம் அம்மா ஏதோ சொல்ல வருகிறாள் என்று உற்றுப் பார்ப்பேன். கீழே மிக்ஸி ஓடினால் பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் வரும். அம்மா சொல்லிக்கொண்டிருந்தது சட்னியோடு அரைபட்டுப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பெட்டி ஒருநேரம் போல் ஒருநேரம் இருக்காது. திடீரென்று உம்மென்று ஆகிவிடும், மறுபடி தானாகப் பேசும். சாரல் ஈரம் கம்பியில் இறங்கிவிட்டது என்றார் மாமா. துபாய்ப் பொருளுக்கு நம் கரண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அப்பா. அத்தை வேப்பிலையை மாற்றிக் கட்டினாள். இரண்டு பெட்டிகளும் ஒரே கம்பியில் இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும் என்பது அப்போது மூன்று பேருக்கும் தெரியாது. மெயின் போர்டு முன்னால் நின்று அப்பாவே தினமும் அதை வாயடைக்க வைத்துக்கொண்டும் பேச வைத்துக்கொண்டும் இருந்தார்.

கொப்புளங்கள் தொண்டைவரை வந்த நாளில் காய்ச்சல் ஏறியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இறங்கிப் போகும்போது படியடியில் நின்ற அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பயப்படவேண்டாம், ஆனால் மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிடுங்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது, பார்க்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்த ஆளிடம்.

அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். அவர் என் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளிவிட்டார். அதைத் தள்ளிவிட்டால் மேலே இருக்கும் பெட்டி சும்மா பேசிக்கொண்டே இருக்கும். பட்டனை அமுக்கவேண்டாம். இருமினால், முனகினால், மூச்சு விட்டால்கூடக் கீழே கேட்கும். ஆனால் கீழே இருந்து பேசுவது மேலே வராது. மாமா முதல் பாதியை மட்டும் என்னிடம் சொன்னார். “இனிமே நீ ஒண்ணும் அமுக்க வேண்டாம்ட்டி. பேசினாப் போதும், ஒங்கம்மா கேட்டுக்கிட்டே இருப்பா.”

கேட்டுக்கொண்டே இருக்கிறவள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மாமா குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். போனவர் அருவிக்கரைக் கடையில் சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வந்தார். அத்தை வாசலிலேயே மறித்துவிட்டாள். மாமா தெருவில் நின்று மொத்தப் பொட்டலத்தையும் தானே தின்னவேண்டியதாயிற்று. அவர் வாய் சும்மா இருக்காமல், மாடிக்கு வந்து எனக்கும் அதைச் சொல்லிவிட்டார். தண்ணீர் எப்படி விழுந்தது, தேங்காய் எண்ணெய் வாசனை எவ்வளவு தூரம் வந்தது, சிப்ஸ் எப்படி நொறுங்கியது எல்லாம்.

ஒரு வாரமாக உப்பு பார்க்காத நாக்கு. நான் பெட்டியிடம் பேச ஆரம்பித்தேன். அம்மா, எனக்குச் சிப்ஸ் வேண்டும். அத்தைக்குத் தெரியாமல் கொடுத்துவிடு. ஒன்றே ஒன்று போதும். பதில் இல்லை. கெஞ்சினேன், பிறகு மிரட்டினேன். தம்பி பிறந்தால் அவனைத் தூக்கமாட்டேன் என்றேன். பதில் இல்லை. காய்ச்சலும் வெக்கையும். அன்றைக்குப் பார்த்து, மாடியும் கீழ்வீடும் சேர்ந்து ஓடிய கம்பியில் வோல்டேஜ் படுத்துக் கிடந்தது. மேலே இருந்த மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டபடி ஆளைக் கொல்லும் நிதானத்தில் சுற்றியது. சிப்ஸ், சிப்ஸ் என்று முனகியபடியே நான் கண் அசந்துவிட்டேன்.

தூக்கத்தின் நடுவில் நல்ல காற்று வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. விசிறி சட்டென்று வேகம் பிடித்து, கிறீச்சிடுவதை விட்டுவிட்டு, விர்ரென்று சுற்றியது. நெற்றியில் வேர்வை காய்ந்தது. அந்த ஒரு வாரத்தில் அவ்வளவு சுகமாக நான் தூங்கியதில்லை.

தடதடவென்று படியில் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். அறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிலையில் தொங்கிய வேப்பிலை அவள் தலையில் கிடந்தது. முந்தானை கீழே புரண்டது. வயிறு மேலும் கீழும் போய்வந்தது. அவள் நிலையை விட்டு ஒரு அடிகூட உள்ளே வரவில்லை. பிடித்திருந்த கையின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“ஏட்டி,” என்றாள். மூச்சு இரைத்தது. “பேசுட்டி. எதாவது பேசு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“சிப்ஸ்,” என்றேன்.

அம்மா அப்படியே சரிந்து மேல்படியில் உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த அத்தை ஈரக்கையோடு படியேறி வந்தாள். மேல்படியில் அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு வாய் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

“கூறு இருக்காட்டி ஒனக்கு? ஒண்ண இழந்தது பத்தாதா? மாசமா இருக்கவ இப்பிடியா ஓடி வருவா? வுழுந்து வச்சிருந்தா?”

“சத்தத்தக் காணும் மதினி,” என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். அத்தை அவள் தோளைப் பிடித்து எழுப்பிக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கும் அம்மை வரவில்லை. அது வருமா வராதா என்று எல்லோரும் காத்திருந்த நாட்களில் வீட்டில் பேச்சே குறைந்திருந்தது என்பதை இப்போது யோசித்தால் நினைவுக்கு வருகிறது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கார்த்திகை மாதம் தம்பி பிறந்தான். இன்று பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிறான். இன்டர்காம் தேவைப்படாத குரல்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று மாமா ஒரு பெரிய பொட்டலம் சிப்ஸ் வாங்கி வந்தார். அத்தையே அதைப் பிரித்துக் கொடுத்தாள். அம்மா மடியில் உட்கார்ந்து தின்றேன். தின்றபடி மாமாவிடம், உங்கள் பெட்டி நன்றாக வேலை செய்கிறது, நான் சிப்ஸ் சிப்ஸ் என்று சொன்னது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது, அதனால்தான் அம்மா ஓடி வந்தாள் என்று சொன்னேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. லீவு முடிந்து போகும்வரை பார்க்கிற ஆட்களிடமெல்லாம் அதைச் சொன்னார். நானும் இத்தனை வருஷமாக அதையே சொல்லிவந்தேன். அம்மா ஒருமுறைகூட மறுத்ததில்லை.

போன வாரம் போனில்தான் சொன்னாள்.

“நீ சிப்ஸு கேட்டதெல்லாம் கேட்டுச்சு. அதுக்கா வந்தேன்? கேக்கட்டும், கேக்கட்டும்னு சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பொறம் நீ ஒறங்கிட்ட. மூச்சு கேட்டுச்சு, ஃபேன் கிறீச்சு கிறீச்சுன்னு கேட்டுச்சு. காதப் பொட்டி மேல வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு ரெண்டும் இல்ல. உம்முன்னு இருக்கு. எனக்கு வேற என்ன தோணும் சொல்லு.”

பிறகு அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அத்தை அவளைக் கீழே கூட்டி வந்தபோது மெயின் போர்டு முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தாராம். கையில் டெஸ்டர். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு ஃபேன் சுற்றவில்லையே என்று, கடையிலிருந்து பாதியில் எழுந்து வந்து மாடிக்கு பேஸ் மாற்றியிருக்கிறார். செருகிய கையை எடுப்பதற்குள் அம்மா அவரைத் தாண்டி ஓடினாளாம்.

“ஒங்கப்பாட்ட நான் ஒண்ணும் சொல்லல. அவுக பொட்டியப் பாத்தாவ, போர்டப் பாத்தாவ. மொகமே இல்ல. மறுபடி அந்தக் கட்டையப் புடுங்கிப் பழைய எடத்துலயே சொருகிட்டாவ. பொட்டியில ஃபேனு கிறீச்சுன்னுச்சு.”

அதைக் கேட்டதும்தான் எனக்கு அந்த அறையின் மீதி நாட்கள் திரும்பி வந்தன. அம்மா வந்துவிட்டுப் போன பிறகு எனக்கு நல்ல காற்றே வரவில்லை. விசிறி பழையபடி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. சாயங்காலமானால் பல்பு பழுத்துத் தொங்கியது. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் பளிச்சென்று இருக்க, வோல்டேஜ் விஷயத்தில் ஒரு நிமிஷம் பொறுக்காத என் அப்பாவின் வீடு மட்டும் கார்த்திகை விளக்கு வைத்த மாதிரி மங்கிக் கிடந்தது. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அப்பா மாடிக்கு வருவார். ஒரு பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு என் கட்டிலருகே உட்கார்ந்து வீசுவார். கை மாற்றி மாற்றி வீசுவார். நான் சலித்துக்கொண்டே கேட்டேன், ஏன் அப்பா பேஸ் மாற்றவில்லை என்று.

“இருக்கட்டும்ட்டி,” என்றார்.

அப்பாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அதைப் பெட்டியிடமும் சொன்னேன். வேப்பிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்த பெட்டி, எப்போதும்போல், பதில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வீசிக்கொண்டே இருந்தார்.